நடுக்கடலில் கப்பல் மோதினால் இழப்பீடு யார் தருவாங்க? பெங்களூரு நீதிமன்றத்துக்கு அதில் என்ன வேலை?

2021 ஏப்ரல் 12-ம் தேதி நள்ளிரவு தாண்டிய நேரம். கேரளாவின் பேப்பூரில் இருந்து கிளம்பிய 'ரபா' என்ற மீன்பிடி விசைப்படகும், சிங்கப்பூர் கொடி பறக்கும் 'ஏ.பி.எல். லே ஹாவ்ர்' என்ற கன்டெய்னர் கப்பலும் மங்களூருவுக்கு மேற்கே சுமார் 43 கடல் மைல் தொலைவில் மோதிக்கொண்டன. படகில் இருந்தது 14 பேர். அதில் 7 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். இருவர் மட்டுமே உயிரோடு மீட்கப்பட்டனர்.

இப்படி ஒரு செய்தி வந்தால் இரண்டு மூன்று நாட்கள் தேடுதல் பணி பற்றிப் படிப்போம். அரசு நிவாரணம் அறிவிக்கும். அதோடு செய்தி முடிந்துவிடும். ஆனால் குடும்பங்களுக்கு அங்கேதான் கதை தொடங்குகிறது. கப்பல் சிங்கப்பூருடையது, படகு கேரளாவினுடையது, இறந்தவர் தமிழ்நாட்டுக்காரர், இடம் கர்நாடகக் கடலுக்கு அப்பால். யார் மீது, எந்த நீதிமன்றத்தில், எவ்வளவு கேட்பது?

இதற்கான பதிலில் ஒரு பகுதி, கடலே இல்லாத பெங்களூருவில் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியாகப் பார்ப்போம்.

முதல்ல, தப்பு யார் மேலன்னு எப்படி முடிவு பண்றாங்க?

சாலையில் 'இடதுபக்கம் போ' என்பதுபோல கடலிலும் விதிகள் உண்டு. 1972-ல் உருவான சர்வதேச கடல் மோதல் தடுப்பு விதிகளை எல்லா நாட்டு மாலுமிகளும் பின்பற்ற வேண்டும். மோதல் வழக்குகளில் அடிக்கடி பேசப்படுபவை இவை:

- விதி 5: எல்லா நேரமும் கண்ணாலும் காதாலும் கருவிகளாலும் சுற்றிலும் கண்காணிக்க வேண்டும். 'ரேடார் ஆன்ல இருந்தது' என்று சொன்னால் மட்டும் போதாது. அதை யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
- விதி 6: சூழலுக்கு ஏற்ற பாதுகாப்பான வேகம்.
- விதி 15: இரண்டு இயந்திரக் கப்பல்கள் குறுக்கே வந்தால், தனக்கு வலப்பக்கம் மற்ற கப்பலைப் பார்க்கும் கப்பல்தான் விலக வேண்டும்.
- விதி 18: மீன்பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்கு, இயந்திரத்தில் ஓடும் கப்பல் வழிவிட்டு விலக வேண்டும்.

கடைசி விதியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'மீன்பிடித்துக்கொண்டிருக்கும்' என்றால், திரும்பவோ விலகவோ முடியாதபடி வலை போன்ற சாதனம் கடலில் இருக்க வேண்டும். அதைக் காட்டும் விளக்கும் எரிய வேண்டும். இழுவலைப் படகுக்கு மேலே பச்சை, கீழே வெள்ளை. மற்ற வகை மீன்பிடிப்புக்கு மேலே சிவப்பு, கீழே வெள்ளை. வலையைத் தூக்கிவிட்டு, நங்கூரம் போட்டு எல்லோரும் தூங்கினால் அது 'மீன்பிடிக்கும் படகு' கணக்கில் வராது. நங்கூர விளக்கு எரிந்ததா, காவலுக்கு ஒருவர் விழித்திருந்தாரா என்ற கேள்விகள் அப்போது வரும்.

அதற்காகப் பெரிய கப்பல் தப்பித்துவிடும் என்று அர்த்தமில்லை. நங்கூரமிட்ட படகைக் கவனிக்காமல் இடித்தால் அதுவும் கண்காணிப்புத் தவறுதான். ஆனால் மொத்தத் தவறில் படகுக்கு ஒரு பங்கு எழுதப்படலாம்.

தப்பு ரெண்டு பக்கமும் இருந்தா?

பெரும்பாலான மோதல்களில் அப்படித்தான் இருக்கும். இங்கிலாந்தில் பழைய காலத்தில் கணக்கு எளிது. இரண்டு கப்பலும் தவறு செய்திருந்தால், மொத்த நஷ்டத்தையும் ஆளுக்குப் பாதி. ஒருவர் 90 சதவீதம் தவறு செய்திருந்தாலும் பாதிதான். 1910-ல் பிரஸ்ஸல்ஸில் உருவான சர்வதேச ஒப்பந்தம் இதை மாற்றியது. யார் எவ்வளவு தவறோ, அந்த விகிதத்தில் பொறுப்பு. இந்தியாவின் வணிகக் கப்பல் சட்டம், 1958-ன் பிரிவு 345-ம் இதையே சொல்கிறது. விகிதத்தைப் பிரிக்கவே முடியாவிட்டால் மட்டும் சமபங்கு.

(2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் புதிய வணிகக் கப்பல் சட்டத்தை நிறைவேற்றியது. இந்தக் கட்டுரையில் வரும் பிரிவு எண்கள் 1958 சட்டத்தினுடையவை. நாம் பேசும் பழைய விபத்துகள் அதன் காலத்தில் நடந்தவை.)

ஒரு கற்பனைக் கணக்கு. 'அ' கப்பலுக்கு 10 கோடி ரூபாய் நஷ்டம், 'ஆ' கப்பலுக்கு 30 கோடி. தவறு 'அ' மீது 60 சதவீதம், 'ஆ' மீது 40 சதவீதம் என்று நீதிமன்றம் சொல்கிறது.

- 'ஆ'வின் 30 கோடியில் 60 சதவீதம், அதாவது 18 கோடியை 'அ' தர வேண்டும்.
- 'அ'வின் 10 கோடியில் 40 சதவீதம், அதாவது 4 கோடியை 'ஆ' தர வேண்டும்.
- கழித்தால், 'அ' 14 கோடி கொடுத்துக் கணக்கை முடிக்கும்.

கப்பலுக்கும் சரக்குக்கும் இந்தக் கணக்கு. உயிரிழப்புக்கும் காயத்துக்கும் விதி வேறு. இதைக் கவனமாகப் படியுங்கள், குடும்பங்களுக்கு முக்கியமான இடம் இதுதான். பிரிவு 346-ன்படி, இரண்டு கப்பல்களின் தவறால் ஒருவர் இறந்தால், இரண்டு உரிமையாளர்களும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அதாவது குடும்பம் முழுத் தொகையையும் பெரிய கப்பலிடமே கேட்கலாம். 'உங்க படகு மேலயும் 30 சதவீதம் தப்பு இருக்கு, அதைப் படகு முதலாளிகிட்ட வாங்கிக்கோங்க' என்று குடும்பத்தை அனுப்ப முடியாது. கப்பல் முழுத்தொகையைக் கொடுத்துவிட்டு, படகு உரிமையாளரிடம் தன் பங்கைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

கப்பலை எப்படி 'அரெஸ்ட்' பண்ணுவாங்க?

பெங்களூருவில் விதான சௌதாவுக்கு எதிரே இருக்கும் சிவப்புக் கட்டடத்தை, அட்டாரா கச்சேரியை, பார்த்திருப்பீர்கள். அதுதான் கர்நாடக உயர் நீதிமன்றம். கடற்கரைக்கும் அதற்கும் சுமார் 350 கிலோமீட்டர். ஆனால் நியூ மங்களூர் துறைமுகத்தில் நிற்கும் ஒரு வெளிநாட்டுக் கப்பலைக் கிளம்பவிடாமல் நிறுத்தும் அதிகாரம் அதற்கு உண்டு.

பிரிட்டிஷ் காலச் சட்டங்களின்படி பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் என மூன்று உயர் நீதிமன்றங்களுக்குத்தான் கடல் வழக்கு அதிகாரம் இருந்தது. 1992-ல் 'எம்.வி. எலிசபெத்' வழக்கில், மற்ற உயர் நீதிமன்றங்களுக்கும் அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அது ஆந்திராவில் தொடங்கிய வழக்கு. பிறகு 2017-ல் அட்மிரால்டி சட்டம் வந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கும் இந்தச் சட்டம், கர்நாடகா, கேரளா, மெட்ராஸ் உட்பட கடலோர மாநிலங்களின் உயர் நீதிமன்றங்களுக்கு இந்த அதிகாரத்தை எழுத்தில் கொடுத்தது.

இந்தச் சட்டத்தின் மையக் கருத்து கொஞ்சம் விசித்திரமானது. வழக்கு ஆள் மீது இல்லை, கப்பல் மீதே போடலாம். கப்பலின் உரிமையாளர் ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டில், அதை இயக்கும் நிறுவனம் மூன்றாவது நாட்டில் இருக்கும். அவர்களையெல்லாம் தேடிப் பிடிப்பதற்குள் வருடங்கள் ஓடிவிடும். கப்பலோ கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. அதைப் பிடித்து வைத்தால் உரிமையாளர் தானாக வருவார். ஒரு நாள் சும்மா நின்றாலே கப்பலுக்குப் பெரிய நஷ்டம் என்பதால், வழக்கமாகச் சில நாட்களிலேயே வங்கி உத்தரவாதமோ காப்பீட்டு நிறுவனத்தின் உறுதிக் கடிதமோ நீதிமன்றத்துக்கு வந்துவிடும். கப்பல் போய்விடும், பிணைத்தொகை இங்கே இருக்கும். அதன் பிறகு வழக்கு நிதானமாக நடக்கும்.

அந்தக் கப்பல் கிடைக்காவிட்டால், அதே உரிமையாளரின் இன்னொரு கப்பலையும் பிடிக்கலாம். 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே 'எம்.எஸ்.சி. எல்சா 3' மூழ்கியது. அது மோதல் விபத்து அல்ல. ஆனால் கேரள அரசு 9,531 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டபோது, மூழ்கிய கப்பலைப் பிடிக்க முடியாதே! விழிஞ்ஞம் துறைமுகத்தில் இருந்த 'எம்.எஸ்.சி. அகிடெட்டா 2' என்ற கப்பலை நிறுத்திவைக்க கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பிறகு பிணைத்தொகையை 1,227.62 கோடி ரூபாயாக நீதிமன்றம் நிர்ணயித்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தவறாகக் கப்பலை நிறுத்தியிருந்தால் அந்த நஷ்டத்தை ஈடுகட்டுவேன் என்று வழக்குப் போடுபவரிடம் நீதிமன்றம் உறுதிமொழி கேட்கலாம். ஒரு மீனவக் குடும்பம் தனியாக இதைச் சுமப்பது கஷ்டம். படகு உரிமையாளர், சங்கம், மாநில அரசு என யாராவது கூட நிற்க வேண்டியிருப்பது இதனால்தான்.

43 கடல் மைல் தள்ளி நடந்தா இந்தியச் சட்டம் செல்லுமா?

கரையில் இருந்து 12 கடல் மைல் வரை நாட்டின் ஆட்சிக்கடல். 200 கடல் மைல் வரை சிறப்புப் பொருளாதார மண்டலம். அங்கே மீன் வளத்தில் இந்தியாவுக்கு உரிமை உண்டு, ஆனால் அது இந்திய மண் மாதிரி அல்ல.

குற்ற வழக்கு விஷயத்தில் இது பெரிய வித்தியாசம். 1926-ல் பிரான்ஸின் 'லோட்டஸ்' என்ற கப்பல் துருக்கியின் 'போஸ்-கோர்ட்' மீது மோதி எட்டுத் துருக்கியர் இறந்தார்கள். பிரெஞ்சு அதிகாரியைத் துருக்கி தண்டித்தது. அது சரியே என்று சர்வதேச நீதிமன்றம் 1927-ல் தீர்ப்பளித்தது. மாலுமிகள் உலகில் இதற்குக் கடும் எதிர்ப்பு. பின்னால் வந்த ஒப்பந்தங்கள் விதியைத் திருப்பிவிட்டன. இப்போது ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் பிரிவு 97-ன்படி, ஆட்சிக்கடலுக்கு வெளியே நடந்த மோதலுக்காக ஒரு கேப்டனை விசாரித்துத் தண்டிக்கும் உரிமை, கப்பலின் கொடி நாட்டுக்கும் அந்த நபரின் குடியுரிமை நாட்டுக்கும்தான்.

இழப்பீட்டு வழக்கு வேறு. கப்பல் இந்தியத் துறைமுகத்துக்குள் வந்து நிற்கும்போது, அந்தக் கடல் எந்த உயர் நீதிமன்றத்தின் எல்லையில் வருகிறதோ அங்கே வழக்குப் போடலாம். மோதல் எங்கே நடந்தது என்பதைவிட, கப்பல் இப்போது எங்கே நிற்கிறது என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

இதுக்கு டைம் லிமிட் இருக்கா?

இருக்கு. பலர் கோட்டைவிடும் இடமும் இதுதான்.

உயிரிழப்பு, காயம், படகுச் சேதம் ஆகியவற்றுக்குச் சட்டம் ஒரு சிறப்புப் பாதுகாப்பு தருகிறது. இழப்பீட்டுக் கோரிக்கை கப்பலோடு ஒட்டிக்கொள்ளும். கப்பலை வேறு ஒருவருக்கு விற்றாலும், பெயரை மாற்றினாலும், கொடியை மாற்றினாலும் விடாது. இதைக் கப்பல் மீதான பற்றுரிமை என்கிறார்கள். கப்பலை விற்றுப் பணத்தைப் பிரிக்கும் நிலை வந்தால், கப்பல் ஊழியர்களின் சம்பளத்துக்கு அடுத்த இடம் உயிரிழப்பு, காயக் கோரிக்கைகளுக்கு.

ஆனால் இந்த உரிமைக்கு ஆயுள் ஒரு வருடம். அதற்குள் கப்பல் நிறுத்திவைக்கப்படாவிட்டால் பற்றுரிமை போய்விடும். அதன் பிறகும் உரிமையாளர் மீது வழக்குப் போட வழிகள் இருக்கலாம். ஆனால் கப்பல் கைமாறியிருந்தால் அதைத் துரத்திப் பிடிக்கும் பலம் போய்விடும். ஈமச்சடங்கு, காணாமல் போனவருக்கு இறப்புச் சான்றிதழ், நிவாரணத்துக்கு அலைச்சல் என்று ஒரு குடும்பத்துக்கு அந்த ஒரு வருடம் எப்படிப் போகும் என்று யோசித்துப் பாருங்கள்.

எவ்வளவு கேட்கலாம்?

விபத்து நடக்காமல் இருந்திருந்தால் என்ன நிலையில் இருந்திருப்பாரோ, பணத்தால் முடிந்தவரை அந்த நிலைக்குக் கொண்டுவருவது என்பதுதான் அடிப்படைக் கொள்கை.

படகு உடைந்திருந்தால் பழுதுபார்க்கும் செலவும், அது ஓடாத நாட்களின் வருமான இழப்பும். முழுசாகப் போய்விட்டால் மோதலுக்கு முந்தைய சந்தை மதிப்பு. கூடவே வலை, என்ஜின் கருவிகள், பிடித்து வைத்திருந்த மீன், மீட்புச் செலவு.

கடன் வாங்கிப் படகு வாங்கியவருக்கு ஒரு பழைய வழக்கு முக்கியம். 1928-ல் கிரீஸின் பட்ராஸ் துறைமுகத்தில் 'எடிசன்' என்ற கப்பலால் 'லீஸ்போஷ்' என்ற தூர்வாரும் கப்பல் மூழ்கியது. உரிமையாளர்களிடம் புதியது வாங்கக் காசில்லை. அதிக வாடகைக்கு ஒன்றை எடுத்து வேலையை முடித்தார்கள். காசில்லாததால் வந்த கூடுதல் செலவை எதிர்த்தரப்பு தர வேண்டியதில்லை என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1933-ல் சொல்லிவிட்டது. 70 வருடம் கழித்து, 2003-ல், ஒரு கார் விபத்து வழக்கில் அதே சபை அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. கையில் காசில்லாததால் கூடும் நஷ்டத்தையும் கேட்க இப்போது வாதம் இருக்கிறது.

உயிருக்கு வருவோம். மீனவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. பங்கு முறைதான். மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் படகுக்கும் ஆட்களுக்கும் பிரிப்பார்கள். சம்பளச் சீட்டு இருக்காது. இதனால் என்ன ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சாலை விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறையை எடுத்துக்கொள்வோம். கடல் வழக்குக்கு இதே முறைதான் என்று கட்டாயம் இல்லை. ஆனால் உயிரிழப்பை இந்திய நீதிமன்றங்கள் எப்படிப் பணமாக மாற்றுகின்றன என்பதை இது காட்டும். இறந்தவருக்கு வயது 38, நம்பியிருப்பவர்கள் நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்டி, அவருடைய சொந்தச் செலவுக்காக கால் பங்கைக் கழித்து, 15-ஆல் பெருக்க வேண்டும்.

- மாத வருமானம் 25,000 ரூபாய் என்று ஆவணத்தோடு நிரூபித்தால்: 47,25,000 ரூபாய்.
- ஆவணம் இல்லாமல், நீதிமன்றம் உத்தேசமாக 10,000 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால்: 18,90,000 ரூபாய்.

ஒரே மனிதர், ஒரே விபத்து. ஏலக்கூடச் சீட்டும் வங்கிக் கணக்குப் பதிவும் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் 28 லட்சத்துக்கு மேல். ஒப்பிட்டுப் பார்க்க, பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் மீனவர் இறந்தால் கிடைப்பது 5 லட்சம் ரூபாய்.

கப்பல் கம்பெனி 'எங்க பொறுப்புக்கு வரம்பு இருக்கு'ன்னு சொல்லுமா?

சொல்லும், சட்டப்படியே சொல்லலாம். கடல்சார் கோரிக்கைகளுக்கான பொறுப்பு வரம்பு ஒப்பந்தத்தில் இந்தியா இருக்கிறது. அந்த வரம்பு கப்பலின் கொள்ளளவை, அதாவது மொத்த டன்னேஜை வைத்துக் கணக்கிடப்படும். 2015 முதல் நடைமுறையில் இருக்கும் சர்வதேச விகிதம், சர்வதேச நாணய நிதியத்தின் எஸ்.டி.ஆர். என்ற கணக்கு அலகில் இருக்கிறது. 30,000 டன் கப்பல் ஒன்றுக்குப் போட்டுப் பார்ப்போம்:

- உயிரிழப்பு, காயம்: முதல் 2,000 டன்னுக்கு 30.2 லட்சம், அதற்கு மேல் டன்னுக்கு 1,208. மொத்தம் சுமார் 3.68 கோடி எஸ்.டி.ஆர்.
- மற்ற சேதம்: முதல் 2,000 டன்னுக்கு 15.1 லட்சம், அதற்கு மேல் டன்னுக்கு 604. மொத்தம் சுமார் 1.84 கோடி எஸ்.டி.ஆர்.

ஒரு எஸ்.டி.ஆர். 1.35 டாலர், ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்தால், முதலாவது சுமார் 420 கோடி ரூபாய், இரண்டாவது சுமார் 210 கோடி ரூபாய். நஷ்டம் உண்டாக்க வேண்டும் என்றே, அல்லது இந்த நஷ்டம் வரக்கூடும் என்று தெரிந்தே பொறுப்பில்லாமல் உரிமையாளரே நடந்துகொண்டார் என நிரூபித்தால்தான் இந்த வரம்பு உடையும். அது மிகக் கடினம்.

ஆனால் எண்களை இன்னொரு முறை பாருங்கள். 14 பேர் போன ஒரு படகு விபத்தில், 14 குடும்பங்களுக்கும் தலா 50 லட்சம் கொடுத்தாலும் 7 கோடிதான். வரம்புக்குப் பக்கத்தில்கூட வராது. அதாவது, மீனவர் குடும்பங்களுக்குப் பணம் குறைவாகக் கிடைப்பதற்குச் சட்டத்தின் வரம்பு காரணமல்ல. கப்பல்களுக்குக் காப்பீடும் இருக்கிறது. உலகின் கடல் கப்பல் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்தின் பொறுப்பை 'பி அண்ட் ஐ கிளப்' எனப்படும் உரிமையாளர்களின் பரஸ்பரக் காப்பீட்டு அமைப்புகள் ஏற்றுக்கொள்கின்றன.

அப்போ எண்ணூர் மாதிரி எண்ணெய் கொட்டினா?

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே 'பி.டபிள்யூ. மேப்பிள்' என்ற எரிவாயுக் கப்பலும் 'டான் காஞ்சிபுரம்' என்ற எண்ணெய்க் கப்பலும் மோதின. சுற்றுச்சூழலுக்குப் பாதிப்பில்லை என்றே துறைமுகம் முதலில் சொன்னது. பிறகு கரையெங்கும் கறுப்புத் தார் மாதிரி எண்ணெய் ஒதுங்கியது. இளைஞர்கள் வாளியில் அள்ளிய படங்கள் நினைவிருக்கும்.

இங்கே யாருடைய படகும் உடையவில்லை. ஆனால் மீன் விற்பனை படுத்துவிட்டது. எண்ணெய்க் கப்பலில் இருந்து எண்ணெய் கொட்டினால், அதற்கெனத் தனி சர்வதேச ஒப்பந்தம் உண்டு, இந்தியா அதில் இருக்கிறது. அதன்படி, மோதலில் யார் தவறு என்று முடிவாகும்வரை பாதிக்கப்பட்டவர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. எண்ணெய் எந்தக் கப்பலில் இருந்து வந்ததோ, அதன் உரிமையாளர் முதலில் தர வேண்டும். மற்ற கப்பலிடம் அவர் பிறகு வாங்கிக்கொள்ளட்டும். அங்கேயும் டன்னேஜ் வரம்பு உண்டு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேர்ந்து கேட்கும் இப்படிப்பட்ட வழக்குகளில்தான் வரம்பு உண்மையில் இடிக்கும்.

இடிச்சுட்டுப் போன கப்பலை எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

மோதிய பிறகு நின்று உதவ வேண்டும், கப்பலின் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது கேப்டனின் சட்டப்படியான கடமை. எல்லோரும் நிற்பதில்லை. சில நேரம் இவ்வளவு பெரிய கப்பலில் இடித்ததே தெரியவில்லை என்பார்கள்.

இங்கே தரவுதான் சாட்சி. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் 'ஏ.ஐ.எஸ்.' என்ற கருவி மூலம் தங்கள் பெயர், இடம், வேகம், திசையைத் தொடர்ந்து ஒலிபரப்ப வேண்டும். அந்த நேரத்தில் அந்த இடத்தைக் கடந்த கப்பல்களின் பட்டியலை இதிலிருந்து எடுக்கலாம். 2017 ஜூன் 11-ல் கொச்சிக் கடலில் 'கார்மல் மாதா' படகு மூழ்கியபோது, பனாமா கொடியுடன் இருந்த 'ஆம்பர் எல்' கப்பல் கண்டறியப்பட்டு கொச்சியில் நிறுத்தப்பட்டது.

இரண்டாவது சாட்சி, விமானத்தில் கறுப்புப் பெட்டி மாதிரி கப்பலில் இருக்கும் பயணப் பதிவுக் கருவி. ரேடார் திரை, மாலுமிகளின் பேச்சு எல்லாம் அதில் பதிவாகும். ஆனால் பழைய கருவிகளின் பாதுகாப்புப் பெட்டியில் கடைசி 12 மணி நேரம்தான் இருக்கும். 2014 ஜூலைக்குப் பிறகு பொருத்தப்பட்டவற்றில் 48 மணி நேரம், கூடவே 30 நாள் பதிவு ஒன்றும் இருக்கும். பழைய கப்பலாக இருந்து, யாரும் சேமிக்காமல் விட்டால், அடுத்த நாளே சாட்சி அழிந்துவிடும்.

படகுப் பக்கமும் இப்போது மாறுகிறது. மீன்பிடிப் படகுகள் இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் வழியே சொல்லும் டிரான்ஸ்பாண்டர் கருவியை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை 2024 ஆகஸ்ட் 30-ல் பிரதமர் தொடங்கிவைத்தார். 'படகு அங்கேதான் இருந்தது' என்பதற்கு இனி அதுவும் ஆதாரமாகலாம்.

பணம் வந்தா யார் கைக்குப் போகும்?

இதையும் கேட்க வேண்டும். 2012-ல் இத்தாலிய 'என்ரிக்கா லெக்ஸி' கப்பலில் இருந்த வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். அது மோதல் அல்ல. ஆனாலும் இழப்பீடு பிரிந்த விதம் இங்கே பாடம். 2021-ல் உச்ச நீதிமன்றத்தின் வழியே வந்த 10 கோடி ரூபாயில், இறந்த இருவரின் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி, படகு உரிமையாளருக்கு 2 கோடி என்று பிரிக்கப்பட்டது. படகில் இருந்து உயிர்தப்பிய மற்றவர்கள் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று நீதிமன்றம் போனார்கள். உரிமையாளருக்கான 2 கோடியில் இருந்து ஒன்பது பேருக்குத் தலா 5 லட்சம் தர 2022 நவம்பரில் உத்தரவு வந்தது.

படகு முதலாளியின் நஷ்டமும் தொழிலாளியின் நஷ்டமும் வேறு வேறு. இரண்டையும் ஆரம்பத்திலேயே தனித்தனிக் கோரிக்கையாக எழுத வேண்டும். 'மொத்தமா பேசி முடிச்சுக்கலாம்' என்று கரையில் நடக்கும் பஞ்சாயத்தில் அடிபடுவது பெரும்பாலும் தொழிலாளியின் பங்கு.

சரி, விபத்து நடந்தா உடனே என்ன செய்யணும்?

- கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554. கப்பலின் பெயர், நிறம், போன திசை, நேரம் எது தெரிந்தாலும் சொல்லுங்கள்.
- கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். கப்பலின் பயணப் பதிவைச் சேமிக்க உத்தரவிடும்படி அதிலேயே கேளுங்கள்.
- படகின் ஜி.பி.எஸ். கருவி, செல்போன், பெயின்ட் ஒட்டிய மரத்துண்டு, உடைந்த பாகம் எதையும் கழுவாதீர்கள், விற்காதீர்கள்.
- படகின் பதிவுச் சான்று, கடலுக்குப் போன ஆட்களின் பட்டியல், டீசல் மற்றும் ஐஸ் பில், ஏலச் சீட்டு, வங்கிக் கணக்குப் பதிவு ஆகியவற்றை ஒரே இடத்தில் சேருங்கள்.
- மோதல் நடந்த தேதியைக் காலண்டரில் குறியுங்கள். ஒரு வருடம் அன்றிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது.

கடைசிக் கேள்வி: கப்பல் மங்களூருவில் நின்றால் பெங்களூரு, கொச்சியில் நின்றால் எர்ணாகுளம், எண்ணூரில் நின்றால் சென்னை. மூன்றில் எந்த உயர் நீதிமன்றத்துக்குப் போவது என்பதைக் கப்பலின் அடுத்த துறைமுகம்தான் தீர்மானிக்கும். அது எந்தத் துறைமுகம், எந்தத் தேதி என்பதை ஏ.ஐ.எஸ். தரவைக் காட்டும் இணையதளத்தில், போனிலேயே பார்க்கலாம். ரொம்ப நாள் நிற்காது. சரக்கை இறக்கியதும் கிளம்பிவிடும்.